மூன்று இக்னிஷன் காயில் போன பிறகும் நான்காவதை வாங்கப் போகிறீர்களா?

கடந்த குளிர்காலத்தில் ஒரு பெரியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் உள்ள என் பணிமனைக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்தார். உள்ளே இரண்டு இக்னிஷன் காயில்கள் இருந்தன.

"தம்பி, எட்டு மாதத்தில் போனவை இவை. மூன்றாவது வண்டியிலேயே இருக்கிறது. மூன்றும் இரண்டாவது சிலிண்டரில்தான் போயின. நான்காவதை நீயே மாட்டிவிடு. நல்ல சாமானாகப் பார்த்துப் போடு" என்றார்.

அவர் காய்கறி வியாபாரி. விடிவதற்கு முன் கிளேர்வுட் சந்தையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு, பைன்டவுன் தாண்டி, ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறி, ஹில்கிரெஸ்ட் கடைகளுக்குக் கொண்டுபோகிறார். வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல் பக்கி; சிலிண்டருக்கு ஒரு காயில். பிக்கப் வண்டிக்கு இந்த நாட்டில் பக்கி என்றுதான் பெயர். ரோபோட்டில், அதாவது சிக்னலில், நிற்கும்போது வண்டி சீராக ஓடுமாம். சுமையோடு மேடு ஏறினால் இழுவை போய்க் குலுங்குமாம். பின்னால் வண்டிகள் நெருங்கி வரும் சாலையில் அப்படிக் குலுங்கினால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

"அய்யா, காயிலை மாற்றியபோது ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்களா?" என்று கேட்டேன். அதைப் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். வண்டி அப்போது 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஒரு காயில் போவது இயல்பு. அதே இடத்தில் இரண்டாவதும் போனால் காயிலைக் குறை சொல்லக் கூடாது. அதை எது கொல்கிறது என்று தேட வேண்டும்.

காயிலின் வேலை, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி, பிளக்கின் நுனியில் உள்ள சிறு இடைவெளியைப் பொறியாகத் தாண்ட வைப்பது. அந்தப் பொறியில்தான் பெட்ரோல் பற்றும். பிளக் தேயத் தேய அந்த இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்துகிறோம், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கூடுகிறது, தேவை மேலும் உயர்கிறது. நின்ற இடத்தில் நன்றாக ஓடும் வண்டி மேட்டில் மட்டும் மிஸ் ஆவதற்கு, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவதற்கு, காரணம் இதுதான். நுனியைத் தாண்ட முடியாத மின்சாரம் சும்மா இருந்துவிடாது. காயிலின் உள்சுற்றில் உள்ள மின்காப்பை உடைத்துக்கொண்டு போகும், அல்லது பிளக்கின் மேல் பொருந்தும் ரப்பர் உறையைத் துளைத்து எஞ்சினின் உலோகத்தில் இறங்கும். புதுக் காயிலை வாங்கிப் பழைய பிளக்கின் மேல் மாட்டுகிறவர், மாட்டும் நாளிலிருந்தே அதைச் சாகடிக்கத் தொடங்குகிறார்.

வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 வந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பது மட்டுமே அதன் பொருள். காயில் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. இந்த ஒரு குழப்பத்தால் இந்த ஊரில் எத்தனை நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றன! இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி, அதே சுமையோடு அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு பி0303 ஆக, அதாவது மூன்றாவது சிலிண்டருக்கு, இடம் மாறினால் அந்தக் காயில் கெட்டது. மாறாமல் நின்றால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று மற்றவற்றைப் பார்க்க வேண்டும். அவருடைய வண்டியில் கோளாறு இடம் மாறியது. ஆகவே இப்போதுள்ள காயிலும் கெட்டுத்தான் இருந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் நானும் நான்காவதை மாட்டி அனுப்பியிருப்பேன்.

வெள்ளைத் துணியால் காயிலின் ரப்பர் உறையைத் துடைத்தேன். துணி கருத்தது. எஞ்சின் ஆயில். உறை ஊறி, விரலால் அழுத்தினால் பழுத்த பழம்போல் அமுங்கியது. டார்ச் அடித்துப் பிளக் குழிக்குள் பார்த்தபோது அடியில் ஆயில் தேங்கி மின்னியது. மற்ற மூன்று குழிகளும் உலர்ந்திருந்தன. எஞ்சினின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் அடைக்கும் டேப்பெட் கவர் கேஸ்கட்டோடு வரும் குழி வளையங்களில் அந்த ஒன்று மட்டும் இறுகி வெடித்திருந்தது. இரண்டாவது சிலிண்டர் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

பிளக்கைக் கழற்றி அளந்தேன். 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.6 ஆகியிருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல், பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. மின்சாரம் வெளியே வழிந்து போன தடம் அது. அதே கோடு ரப்பர் உறையின் உட்புறத்திலும் இருந்தது. தடம் விழுந்த உறையில் புதுப் பிளக்கை மாட்டினாலும், தடம் விழுந்த பிளக்கில் புது உறையை மாட்டினாலும், புதியதிலும் தடம் விழும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பீங்கானின் அடியில், உலோகத்தை ஒட்டிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது உயர் அழுத்த மின்சாரத்தால் படியும் இயல்பான கறை.

அவர் வண்டியில் ஆயில்தான் குற்றவாளி. எல்லா வண்டியிலும் அப்படி இருக்காது. எஞ்சினை அழுத்தக் குழாயால் கழுவினால் குழிக்குள் தண்ணீர் நிற்கும். கடலுக்கு அருகே பிளஃப், மெரேபேங்க் பக்கத்து வண்டிகளில் கடல் உப்பு கனெக்டர் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் பல மாதங்கள் கழித்தும் ஒயர் கோளாறோடு என்னிடம் வந்துகொண்டிருந்தன. இன்னொன்று இந்த நாட்டில் அடிக்கடி பார்ப்பது. திருட்டுக்கு அஞ்சிப் பலரும் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரும், திருடன் எஞ்சினைக் கிளப்பாமல் தடுக்கும் இம்மொபிலைசரும் பொருத்துகிறோம். அவற்றை மாட்டுகிறவர்கள் அவசரத்தில் இக்னிஷன் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த முறுக்கு தளர்ந்தால் எல்லாச் சிலிண்டரும் மாறி மாறி மிஸ் ஆகும், பி0300 வரும், பழி காயிலின் மேல் விழும். எஞ்சின் ஓடும்போதே காயில் கனெக்டரில் வோல்ட் அளந்து பேட்டரியோடு ஒப்பிட்டால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எர்த் ஒயரையும் அப்படியே பார்க்க வேண்டும்.

பழைய கார்பரேட்டர் வண்டிகளில் கை பழகியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்தச் சிலிண்டர் மிஸ் என்று பார்ப்போமே, அதை இந்தக் காயில்களில் தயவுசெய்து செய்யாதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலை உடைக்கும், உங்கள் கையிலும் பாயும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டுக் கண் சிமிட்டினால் கடுமையாக மிஸ் ஆகிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதற்குள் இருப்பது பிளாட்டினம் வகை உலோகம். உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி இந்த நாட்டு மண்ணிலிருந்துதான் வெட்டப்படுகிறது, ஆனாலும் நமக்கு மலிவாகக் கிடைப்பதில்லை. விளக்கு சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். சந்தைக்கு நேரமாகிறது என்று ஓட்டாதீர்கள்.

பெரியவரின் பக்கிக்கு டேப்பெட் கவர் கேஸ்கட்டையும் நான்கு குழி வளையங்களையும் மாற்றினேன். குழியைத் துடைத்து உலர்த்தி, எஞ்சின் ஆறிய பிறகு நான்கு புதுப் பிளக்குகளும் இரண்டாவது சிலிண்டருக்கு ஒரு நல்ல காயிலும் பொருத்தினேன். அவர் சுமை ஏற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அவருடனேயே ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினேன். மேடு முடிந்து க்ளூஃப் வரும்வரை நான்கு சிலிண்டரிலும் மிஸ் கணக்கு பூஜ்யத்தில் நின்றது.

அந்த மூன்று பழைய காயில்களையும் அவர் என்னிடமே விட்டுப்போனார். அவற்றின் உறைகளைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே கருங்கோடு, ஏறக்குறைய ஒரே இடத்தில். பணிமனையில் வேலை பழகும் பையன்களிடம் ஸ்கேனரைக் கொடுப்பதற்கு முன் இப்போது அவற்றைத்தான் கையில் கொடுக்கிறேன்.