கோழித் தூக்கம் பழகுமா?

அதிகாலை 2 மணி, 6 மணி, காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் படுக்கை. ஒரு நாளைக்கு மொத்தமே 2 மணி நேரத் தூக்கம். மிச்சம் 22 மணி நேரமும் உங்கள் கையில். 'ஊபர்மேன்' என்ற பெயரில் இருபது வருடங்களுக்கும் மேலாக இணையத்தில் சுற்றிவரும் அட்டவணை இது. இதற்குக் கொஞ்சம் சாதுவான தம்பியும் உண்டு. இரவில் 3 மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிவிட்டு, பகலில் மூன்று முறை 20 நிமிடம் கண்ணயர்வது. அதன் பெயர் 'எவ்ரிமேன்'. தேர்வுக்குப் படிப்பவர்கள், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் என்று இதில் இறங்கிப் பார்க்க ஆள் குறைவதே இல்லை. "முதல் ரெண்டு வாரம் நரகம், அப்புறம் உடம்பு பழகிடும்" என்பது முன்னே போனவர்கள் பின்னே வருபவர்களுக்குச் சொல்லும் ஆறுதல்.

அந்த 'பழகிடும்' என்ற ஒரு வார்த்தையைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. உடம்பில் ஏதோ மாறுவது உண்மை. மாறுவது எது என்பதில்தான் சிக்கல்.

இந்த ஆசை புதிதல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தூங்கி வாழ்ந்ததாக 1943இல் டைம் இதழ் எழுதியது. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு அவர் கைவிட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம், தொழில் கூட்டாளிகள் மற்ற மனிதர்களைப் போலத்தான் தூங்குவோம் என்று அடம்பிடித்தார்களாம். லியொனார்டோ டா வின்சியும் இப்படித்தான் தூங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கில்லை.

சரி, உடம்புக்குள் போவோம். நம் தூக்கத்தை இரண்டு சக்திகள் சேர்ந்து நடத்துகின்றன என்று 1982இல் சூரிச் ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேய் ஒரு மாதிரியை முன்வைத்தார். தூக்க ஆய்வு இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக்கூடக் கண் சொக்குகிறது. காபியில் உள்ள கஃபீன், அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களை மறித்துக்கொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, அது வந்திருக்கும் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான். ஏறிய அழுத்தத்தை இறக்கிவைப்பதில் பெரும்பங்கு ஆழ்ந்த தூக்கத்துக்கு.

இரண்டாவது, உள்கடிகாரம். மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திரள். நாம் எப்போது தூங்கினோம், எவ்வளவு தூங்கினோம் என்பதைப் பொருட்படுத்தாமல் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் அது ஓடுகிறது. உடல் வெப்பத்தை விடியலுக்கு முன் 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும். மதியத்துக்கு மேல் விழிப்பில் ஒரு தொய்வு வரும். சாப்பிடாவிட்டாலும் அது வரும், சாப்பாட்டின்மேல் பழிபோட வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் மறுபடியும் விழிப்பைத் தூக்கிப்பிடிக்கும். நாள் முழுக்க உழைத்த பிறகும் இரவு 8 மணிக்கு, மதியம் 2 மணியைவிடத் தெளிவாக இருப்பது இதனால்தான்.

இப்போது அந்த அட்டவணையை இதன்மேல் பொருத்திப் பாருங்கள். முதல் நாள் மதியம் 2 மணித் தூக்கம் எளிதாக வரும். மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும்? கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லவி 1980களில் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். 7 நிமிடம் படுக்கை, 13 நிமிடம் விழிப்பு. மறுபடி 7, மறுபடி 13. இரவும் பகலும் இப்படியே, மணிக்கு மூன்று முறை. ஒவ்வொரு 7 நிமிடத்திலும் எவ்வளவு தூங்குகிறார்கள் என்பதை மூளை அலைகளை வைத்துக் கணக்கெடுத்தார். இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பெரும்பாலோருக்குத் தூக்கம் கிட்டவே வரவில்லை. முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்தவர்களுக்கும் அதே கதி. அதைத் தாண்டியதும் திடீரென்று கதவு திறந்தாற்போல எல்லோரும் தூங்கிப்போனார்கள். அந்த நேரத்தைத் தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றே லவி குறித்தார். ஆறு கோழித் தூக்கங்களைச் சம இடைவெளியில் அடுக்கினால், ஒன்றிரண்டாவது இந்தத் தடைப் பகுதியிலோ அதன் ஓரத்திலோ போய் விழத்தான் செய்யும். கடிகாரத்தில் எல்லா மணி நேரமும் ஒரே அளவுதான், உடம்புக்கு அப்படியில்லை.

விழுந்த தூக்கமாவது உருப்படியா? சாதாரணமாக ஒருவர் தூங்கிப்போகவே 10, 15 நிமிடம் பிடிக்கும். 20 நிமிடத்தில் மிஞ்சுவது மேலோட்டமான தூக்கம் மட்டும். மதியத்தில் ஒருமுறை என்றால் அதுதான் அதன் அழகு: ஆழத்துக்குப் போகுமுன் எழுந்துவிடுவதால் தலை கனக்காது. ஆனால் இரவுத் தூக்கமே இல்லாதபோது, அழுத்தம் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் நான்காம் நாளில் தலை தலையணையில் படுவதற்குள் தூக்கம் அள்ளிக்கொண்டுபோகும். மூளை நேராக ஆழ்ந்த தூக்கத்தில் குதிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து அலாரம். ஆழத்திலிருந்து பிடுங்கி எழுப்பப்பட்டவர் நிற்பார், நடப்பார், பதில்கூடச் சொல்வார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும், முடிவெடுக்கும் பகுதி மட்டும் இன்னும் எழுந்திருக்காது. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்தது அவருக்கு நினைவே இருக்காது. அனுபவசாலிகள் "எழுப்பிவிட ஒரு ஆளை வை" என்று சொல்வது சும்மா இல்லை.

இரண்டாம் வாரத்தில் அதிசயம் நடக்கிறது. படுத்த சில நிமிடங்களிலேயே கனவு வருகிறது, அதுவும் பளிச்சென்று. "பழகிவிட்டது" என்று கொண்டாடும் தருணம் இதுதான். இயல்பான இரவில் கனவுத் தூக்கம் முதலில் எட்டிப் பார்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பெரும்பகுதி விடியலை ஒட்டித்தான். ஆழ்ந்த தூக்கம் முதல் பாதி, கனவு பின் பாதி என்பது வரிசை. பாதியில் இலையை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்த பந்தியில் உட்கார்ந்தவன் சாம்பாருக்குக் காத்திராமல் பாயசத்தைக் கேட்பதுபோல, மூளை வரிசையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கிடைத்ததை அள்ளுகிறது. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் 1960இலேயே இதைப் பார்த்துவிட்டார். தன்னார்வலர்களைக் கனவு தொடங்கும்போதெல்லாம் எழுப்பினார். இரவுக்கு இரவு எழுப்ப வேண்டிய தடவைகள் கூடிக்கொண்டே போயின. விட்டுப்போனதைப் பிடிக்க மூளை அவ்வளவு முட்டி மோதியது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பகலில் அளவுக்கு மீறித் தூங்கி வழிபவர்களைத் தூக்க மருத்துவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? தலையில் மின்முனைகளை ஒட்டி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் படுக்கவைக்கிறார்கள், நான்கைந்து முறை. கிட்டத்தட்ட ஊபர்மேன் அட்டவணைதான்! சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் அது மிதமிஞ்சிய தூக்கக் கலக்கம். இரண்டு முறையாவது 15 நிமிடத்துக்குள் கனவுத் தூக்கம் வந்துவிட்டால் நார்கொலெப்சி என்ற நோயாக இருக்கலாம். படுத்ததும் தூக்கம், தூங்கியதும் கனவு. இணையத்தில் சாதனையாகச் சொல்லப்படும் இரண்டும் ஆய்வகத்தில் நோய்க்குறிகள். தூக்கம் கிடைக்காத மூளையின் பசிதான் அது, பயிற்சி பெற்ற மூளையின் திறமை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூளை தூக்கத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள்ளத்தான் செய்கிறது. 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டாலும் ஆழ்ந்த தூக்கத்தின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. இடைநிலைத் தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் வெட்டித்தான் மூளை சமாளிக்கிறது. ஆனால் கெட்டியாக்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 7, 8 மணி நேர வேலையை 2 மணி நேரத்தில் மடித்து வைக்க முடியும் என்பதற்கு ஆதாரம் எங்கும் இல்லை.

கடிகாரத்தையாவது பழக்கலாமா? 1938இல் சிகாகோ ஆய்வாளர் நதானியேல் கிளைட்மன், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனோடு கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் 32 நாள் இருந்தார். சூரியன் இல்லை, ஏறாத இறங்காத 12 டிகிரி குளிர். உள்ளே ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ்ந்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் வெப்பம் புதிய சுற்றுக்கு வந்ததுபோலத் தெரிந்தது. 43 வயது கிளைட்மனுடையது பிடிவாதமாக 24 மணி நேரத்திலேயே ஏறி இறங்கியது. அறுபது வருடம் கழித்து, 1999இல், ஹார்வர்டின் சார்லஸ் செய்ஸ்லர் குழு மங்கலான வெளிச்சத்தில் அதே 28 மணி நேர நாளைக் கவனமாகத் திருப்பிச் செய்தது. இளைஞர், முதியவர் இரு சாராருக்கும் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்தில் ஓடியது. 4 மணி நேரம் கூட்டியதற்கே மசியாத கடிகாரம், நாளை ஆறாக வெட்டினால் எப்படி மசியும்?

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. கடிகார மரபணுக்கள் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது மெல்ல மெல்லச் சேர்ந்து, செல்லின் கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பின் புரதம் சிதைகிறது, அடக்குமுறை தளர்கிறது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது. சேரவும் சிதையவும் புரதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மன உறுதியால் அந்த வேதியியலைச் சுருக்க முடியாது. வெளிச்சத்தால் முன்னேயோ பின்னேயோ கொஞ்சம் தள்ளலாம், அதுவே அதிகபட்சம்.

அப்படியானால், "நான் மூன்று மாதமாக இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில் 48 பேர் இருந்தார்கள். சிலருக்கு இரவு 8 மணி நேரத் தூக்கம், சிலருக்கு 6, சிலருக்கு 4 என்று 14 நாள். பகலெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பரீட்சை: வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்; எப்போது வரும் என்று தெரியாத இடைவெளியில் எண்கள் ஓடத் தொடங்கும்; கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். 10 நிமிடம் இதே வேலை. அரை நொடிக்கு மேல் தாமதித்தால் தவறியதாகக் கணக்கு. 4 மணி நேரக்காரர்களின் தவறல்கள் நாளுக்கு நாள் கூடின. இரண்டாம் வார முடிவில் இரண்டு இரவு பொட்டுத் தூக்கமும் இல்லாதவர் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் "எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?" என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் முதல் சில நாளில் ஏறிவிட்டு, பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. திறமை சரிந்துகொண்டே போக, சரிகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுபோகிறது. பழகியது இதுதான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியில் 3 நொடி கண் செருகினால் 50 மீட்டர் கடந்திருக்கும். ஓட்டுபவருக்கோ தான் தூங்கியதே தெரியாது.

அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கம்தான்: இத்தகைய அட்டவணைகளால் நன்மை என்பதற்குச் சான்றில்லை, கேடுகளுக்கு உண்டு.

இதனால் கோழித் தூக்கமே வீண் என்று ஆகிவிடாது. அதை உண்மையில் நம்பி வாழ்பவர்கள் தனியாகப் பாய்மரப் படகில் கடல் கடப்பவர்கள். கப்பல் மோதலாம், காற்று திரும்பலாம். 8 மணி நேரம் கண்ணை மூட வழியில்லை. படகோட்டியும் தூக்க ஆய்வாளருமான இத்தாலியர் கிளாடியோ ஸ்டாம்பி இவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். வேறு வழியின்றித் தூக்கம் குறையத்தான் போகிறது என்றால், இருக்கிற கொஞ்சத்தைத் துண்டு துண்டாக எடுப்பது மேல் என்று கண்டார். அவர் வழிகாட்டிய எல்லன் மெக்ஆர்தர் 2000-01இல் 24 வயதில், எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றும் வெண்டே குளோப் போட்டியில் 94 நாளில் இரண்டாவதாக வந்தார். வழியில் 891 முறை தூங்கினார்; ஒவ்வொன்றும் சராசரி 36 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. உயிரைப் பணயம் வைத்த போட்டியில், நிபுணர் துணையோடு, துண்டுத் தூக்கத்தில் கைதேர்ந்தவர் எடுத்துக்கொண்ட அளவு அது. கைக்குழந்தை மட்டும் துண்டு துண்டாகத் தூங்கவில்லையா என்பார்கள். தூங்குகிறதுதான், மொத்தம் 14லிருந்து 17 மணி நேரம்!

செவிலியர், மாலுமி, காவலாளி, பச்சைக் குழந்தையின் தாய் ஆகியோருக்குத் துண்டுத் தூக்கம் ஆசையல்ல, கட்டாயம். அவர்களுக்கு உதவும் ஒரு பழைய ஆய்வு உண்டு. மான்செஸ்டரில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் இருவரும் 1981இல் காட்டியது: 8 மணி நேரத்தில் 4 மணி நேரத்தை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் தூங்கி, மிச்ச 4 மணி நேரத்தைக் கண்ட நேரத்தில் தூங்கினாலும், உடல் வெப்பத்தின் சுற்று தடுமாறாமல் 24 மணி நேரத்தில் நிற்கிறது. அதனால் ஷிஃப்ட் எப்படி மாறினாலும் ஒரு நாலு மணி நேரத்தை, உதாரணத்துக்கு காலை 8 முதல் 12 வரை என்று, விடுமுறை நாளிலும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. மிச்சத்தை மதியத் தொய்வில் சேர்க்கலாம். இரவு வேலைக்கு முன் தூங்குவதானால் அந்த இரவு 8 மணித் தடைப் பகுதிக்கு முன்பே படுத்துவிட வேண்டும். வேலைக்கு நடுவில் என்றால் 20 நிமிடம் போதும். படுக்குமுன் காபி குடித்துவிட்டால் கஃபீன் வேலையைத் தொடங்கும் நேரமும் எழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். எழுந்த கையோடு வண்டிச் சாவியையோ ஊசி மருந்தையோ தொடாமல், ஒரு கால் மணி நேரமாவது முகம் கழுவி, வெளிச்சத்தில் நடந்துவிட்டு வர வேண்டும்.