நுண்குழலா, நுண்குழாயா?

உயிரணுவுக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்கும் புரத இழைகளில் பருமனானது மைக்ரோடியூபுல். பருமன் என்றாலும் வெளிவிட்டம் 25 நானோமீட்டர்தான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் கதிர்கள் இவையே. தமிழில் இதை நுண்குழல் என்றும் எழுதுகிறார்கள், நுண்குழாய் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் இருந்தேன். இந்த இழைகளின் மின்பண்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் குழாய் உறுத்தியது.

முதலில் மூலச்சொல். 'மைக்ரோ' கிரேக்கத்தில் சிறியது. 'டியூபுல்' லத்தீன் 'டியூபுலஸ்'. அதுவே 'டியூபஸ்' என்ற குழாய்க்குச் சிறுமைப் பெயர். ஆக, சிறுமை இரண்டு முறை வந்துவிட்டது. 1963-இல் தாவர உயிரணுக்களில் லெட்பெட்டரும் போர்ட்டரும், ஹைட்ரா என்ற சிறு நீர்வாழ் உயிரியில் ஸ்லாட்டர்பேக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டதை இந்தப் பெயரால் எழுதினார்கள். குறுக்கு வெட்டில் தெரிந்தது நடுவே வெற்றிடம் கொண்ட வட்டம். கண்ணில் பட்ட உருவத்துக்கு வைத்த பெயர். வேலையைப் பார்த்து வைத்ததல்ல.

இழையைக் கட்டும் புரதத்தின் பெயர் டியூபுலின். 1967-இல் சிகாகோவில் போரிசியும் டெய்லரும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு எதில் போய் ஒட்டுகிறது என்று தேடிப்போனபோது அகப்பட்ட புரதம் இது. டியூபுலின் என்ற பெயர் அடுத்த ஆண்டு மோரி சூட்டியது. கோல்ச்சிசின் நமக்கு அந்நியமல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. விதைக்காகவே ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிடுகிறார்கள்.

இனி மின்சாரம். டியூபுலின் அலகுகளில் எதிர்மின் சுமை மிகுதி. ஒவ்வொன்றின் வாலும் இழையின் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். சுமையில் கணிசமான பங்கு அங்கே. சுற்றியுள்ள உப்புநீரின் நேர்மின் அயனிகள் இழையை மொய்த்துக்கொள்ளும். 2006-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள், கைனசின் என்ற இயக்கப் புரதம் பூசிய நுண்வாய்க்கால்களில் ஊர்ந்த இழைகளை மின்புலத்தால் திருப்பி, கவட்டையில் வேண்டிய கிளைக்குள் போகவைத்தார்கள். சுமை உண்டு என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம்.

அளப்பது எளிதல்ல. உயிரணுவில் பயன்படும் கண்ணாடி மின்முனையின் நுனியே ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர், இழையைப்போல் 40 மடங்கு. அதனால் பெரும்பாலும் வெளியே எடுத்து அளக்கிறார்கள். தூய டியூபுலினைப் பனிக்கட்டியில் வைத்திருந்து, ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் சேர்த்து 37 டிகிரிக்குச் சூடாக்கினால் இழை கட்டும். மீண்டும் குளிரவைத்தால் கரைந்துவிடும். நெய்க்கு நேர்மாறு! அந்தக் கரைசலை இரு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போய் மின்னெதிர்ப்பைக் குறிப்பார்கள். தொல்லை உப்பில் இருக்கிறது. அதுவே நன்றாக மின்கடத்துவதால் இழையின் பங்கு அதற்குள் அமுங்கிப்போகிறது. ஆகவே உதிரி டியூபுலின் உள்ள கரைசலையும் இழை கட்டிய கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட அளவீட்டில், இழை கட்டியபோது கரைசலின் மின்தேக்குத்திறன் கூடியது. உதிரியாக இருந்தபோது கூடவில்லை. மனத்தின் நனவே இந்த இழைகளுக்குள் பிறக்கிறது என்று இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்க மருத்துவர் ஹாமராஃபும் முன்வைத்த கருதுகோளுக்கு இதை ஆதாரமாக இழுப்பவர்கள் உண்டு. மின்தேக்கத்துக்கும் நனவுக்கும் இடையே உள்ள தூரம் அவர்களுக்கு உறைக்கவில்லை.

இங்கேதான் குழாய் இடறுகிறது. குழாய் என்றதும் தெருக்குழாயும் உள்ளே ஓடும் தண்ணீரும் நினைவுக்கு வரும். மைக்ரோடியூபுலில் சரக்கு உள்ளே போவதில்லை; கைனசின் புறச்சுவரின்மேல் நடந்து சுமந்து போகிறது. அயனிகள் மொய்ப்பதும் பெரும்பாலும் புறத்தில்தான். போதாக்குறைக்கு, இரத்தத் தந்துகியையும் நுண்குழாய் என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அங்கே அந்தப் பெயர் பொருந்தும், இரத்தம் உள்ளேதானே ஓடுகிறது. குழல் அப்படியல்ல. புட்டுக்குழல், துப்பாக்கிக் குழல், ஏன், சுருண்ட கூந்தலும் குழல்தான். ஊதாங்குழலில் காற்று போகிறதே என்று கேட்கலாம்; போகிறது, ஆனால் சொல் முதலில் காட்டுவது உள்ளீடற்ற உருவத்தை. 1963-இல் பார்த்ததும் அந்த உருவத்தைத்தான். என் கை நுண்குழல் பக்கம்.

நுண்ணிழை என்று எழுதுவதும் சரியாகாது. அது சுமார் 7 நானோமீட்டர் பருமனுள்ள, ஆக்டின் என்ற வேறொரு புரதத்தின் இழைக்கு உரியது. அதற்கும் மின் ஆராய்ச்சி தனியே நடக்கிறது. கரைசலில் அது மின்வடம்போல் நடந்துகொள்வதாக 1993-லேயே ஒரு கட்டுரை வந்தது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் எதன் அளவீட்டைச் சொல்கிறோம் என்பதே தெரியாது.