கரகமா, கரகாவா?

தர்மபுரியிலிருந்து அத்தை பெங்களூரு அல்சூருக்கு வந்திருந்த சமயம். சுவரொட்டியில் 'பெங்களூரு கரகா' என்று தமிழில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, "அதென்னடா கரகா? நம்ம ஊர்ல எடுக்கிற கரகந்தானே?" என்று கேட்டார்.

அதேதான். தமிழில் மகரத்தில் முடிகிற பெயர்களைக் கன்னடம் அந்த மகரம் இல்லாமல் சொல்லும். நமக்கு மரம், அவர்களுக்கு மர. பணம் அங்கே ஹண. அப்படித்தான் கரகமும் 'கரக'. அதை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டுக் கடைசி எழுத்தை நாமாக நீட்டிவிட்டோம், 'கரகா' பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பேரை லண்டனில் விசாரித்த கதை.

கரகம் என்றால் முதலில் நீர் வைக்கும் சிறு கலம். அந்தணர்க்கு உரியவற்றைத் தொல்காப்பிய மரபியல் 'நூலே கரகம் முக்கோல் மணையே' என்று அடுக்குகிறது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனிடம் இருப்பது 'நீரறவு அறியாக் கரகம்', அதாவது தண்ணீர் வற்றாத கரகம். வடமொழியிலும் 'கரக' உண்டு, பொருளும் நீர்க்கலம்தான். அகராதிகள் இரண்டையும் சேர்த்தே காட்டுகின்றன.

முனிவர் கையில் இருந்த கலம் ஊர்த் திருவிழாவில் தலைக்கு ஏறிவிட்டது. குளத்தங்கரையில் செம்பில் நீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் சுற்றி அம்மனை அழைத்தபின் அதை யாரும் செம்பு என்று சொல்வதில்லை. அது சக்தி கரகம். மேடையில் ஆடுவது ஆட்டக்கரகம், அது வேறு.

பெங்களூரில் திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து சைத்ர பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும். நம் கணக்கில் பங்குனியிலோ சித்திரையிலோ வரும். கோயில் தர்மர் பேரில், அம்மன் திரௌபதி. தமிழ்நாட்டிலும் திரௌபதி அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்பார்களே, அதுபோல. எடுப்பவர்கள் திகளர் சமூகத்தார். கன்னடத்தில் தமிழரையே திகளர் என்று சொல்லும் பழைய வழக்கு உண்டு. பெண் கோலத்தில் பூசாரி மல்லிகைக் கோபுரத்தைச் சுமந்து வர, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுக்கும் போகும்.

கன்னடத்தில் இந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் சொல்வதும் உண்டு: கை படாமல், ருண்டத்தின் மேல் தரித்து, கதியோடு நடப்பது. ருண்டம் என்றால் தலை. (கன்னடத்தில் முதல் 'க'வும் கடைசி 'க'வும் வேறு வேறு எழுத்து. தமிழில் அந்த வேடிக்கை தெரியாது.) பிரிப்பு அழகுதான், ஆனால் சொல் அதற்கெல்லாம் மூத்தது.

என்னை அதிகம் இழுத்தது 'ஹசி கரக'. பௌர்ணமிக்கு முன்பே சம்பங்கிக் குளத்தில் இது உருவாகும். அந்தப் பெரிய ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது, கரகத்துக்கென ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம். ஹசி என்றால் பச்சை. நம் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது தெரிந்ததே: பால், ஹாலு. ஆக ஹசி நம்முடைய 'பசு'. மாடு அல்ல, பசுமையில் வரும் பசு. வஞ்சனையால் சேர்த்த பொருளைச் சுடாத மண்பாண்டத்தில் ஊற்றிய நீருக்கு ஒப்பிடும்போது வள்ளுவர் சொல்வது 'பசுமண் கலம்'. எனவே தமிழில் பச்சைக் கரகம் என்றே எழுதலாம்.

சரி, கரகத்துக்கே தனித்தமிழ் வேண்டுமா? பூங்குடம் என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு ஒட்டவில்லை. குடத்துக்குள் தண்ணீர் இருக்கும். கரகத்துக்குள் ஆள் இருக்கிறது.

அன்றிரவு நகரத்பேட்டைச் சந்தில் நின்றிருந்தோம். மல்லிகை வாசனை முதலில் வந்தது, அப்புறம் வாள்கள். அத்தை கரகம் என்றும் சொல்லவில்லை, கரகா என்றும் சொல்லவில்லை. "அம்மா வர்றா" என்று செருப்பைக் கழற்றினார்.