சின்ன கரண்ட் கனெக்‌ஷன்ல நாலு பெரிய லாரிக்கு எப்படி சார்ஜ் போடுறாங்க?

மெர்சிடிஸ் ஈ-ஆக்ட்ரோஸ் 600ங்கிற கரண்ட் லாரில இருக்குற பேட்டரி 621 யூனிட், கிட்டத்தட்ட பத்து கார் பேட்டரிய ஒண்ணா சேத்த அளவு. ஐரோப்பால சட்டப்படி லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும், அதனால அந்த ஓய்வு நேரத்துலயே சார்ஜும் ஏத்திடணும்னு பாக்குறாங்க. 400 கிலோவாட் சார்ஜர்ல முக்கால் மணி நேரம் நின்னா 300 யூனிட் ஏறும், சுமாரா 250 கிலோமீட்டர் ஓடலாம்.

சிக்கல் எங்க வருதுன்னா, மத்தியானம் நாலு லாரி ஒண்ணா வந்து நின்னா 1600 கிலோவாட் வேணும், அந்த இடத்துக்கு வர்ற கனெக்‌ஷனோ 500 கிலோவாட் தான்னு வச்சுக்கோங்க. பெருசாக்கணும்னா புது டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், சில சமயம் சப்ஸ்டேஷன் வரைக்கும் கை வைக்கணும், வருஷக்கணக்குல இழுக்கும். அங்கதான் கன்டெய்னர் பேட்டரி, அதாவது கப்பல் கன்டெய்னர் மாதிரி பெட்டிக்குள்ள அடுக்கின பெரிய பேட்டரி, வருது, வீட்டு மேல்நிலைத் தொட்டி மாதிரியேதான், சின்ன பைப்ல மெதுவா ரொம்பும், திறந்தா வேகமா கொட்டும்.

கணக்கு போட்டுப் பாப்போம். நாலு லாரிக்கு 1200 யூனிட், அந்த 45 நிமிஷத்துல லைன்ல இருந்து 375 தான் வரும், மீதி 825ஐ பேட்டரி குடுக்கணும். இங்க நிறைய பேர் கவனிக்காத விஷயம், பேட்டரி எவ்வளவு பிடிக்கும்ங்கிறது வேற, எவ்வளவு வேகமா குடுக்கும்ங்கிறது வேற, இந்த இடத்துக்கு 1600ல லைன் குடுக்குற 500 போக மீதி 1100 கிலோவாட் வேகத்துல குடுக்குற இன்வெர்ட்டரும் சேத்து வாங்கினாதான் வேலைக்கு ஆகும். லாரிங்க போனப்புறம் அதே லைன்ல அது திரும்ப ரொம்ப, நடுவுல போற லாஸையும் சேத்தா, ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும்.

பில்லுலயும் மிச்சம் இருக்கு, ஜெர்மனில பெரிய கனெக்‌ஷன்காரங்களுக்கு வருஷத்துலயே அதிகமா இழுத்த ஒரு 15 நிமிஷத்த வச்சுத்தான் டிமாண்ட் சார்ஜ், அதாவது உச்சமா எத்தன கிலோவாட் இழுத்தோமோ அதுக்கான கட்டணம், போடுவாங்க, அந்த உச்சத்த பேட்டரி வெட்டிடும்.

ஆனா பேட்டரி கரண்ட் தயாரிக்காது, இத அழுத்தியே சொல்றேன். 500 கிலோவாட் லைன் நாள் முழுக்க ஓடினாலும் 12,000 யூனிட் தான், அதாவது 40 லாரி, லாஸ் போக இன்னும் குறையும். லாரிங்க இடைவெளியே விடாம வந்தா பேட்டரி காலியாகி, எல்லாரும் அந்த 500ஐத்தான் பங்கு போடணும். அதனால பேட்டரி வைக்கிற அன்னைக்கே பெரிய லைனுக்கும் மனு போட்டுடணும், லைன் வந்தப்புறம் கன்டெய்னர கிரேன்ல தூக்கி அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிடலாம்.