தரையில் வார்த்த கூரையை மேலே ஏற்றியவர்: ஓ'நீல் ஃபோர்டும் லிஃப்ட் ஸ்லாப் முறையும்

மாடிக் கட்டடம் கட்டும்போது முட்டு, பலகை, சென்ட்ரிங் கூலி என்று இவ்வளவு செலவாகிறதே, இதையெல்லாம் தவிர்த்துத் தளம் போட வழியே இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வழி உண்டு. 1950 வாக்கில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் அதைச் செய்தே காட்டினார்கள். எல்லாத் தளங்களையும் தரையிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக வார்த்து, இறுகியபின் தூண்களை ஒட்டி ஒவ்வொன்றாக ஜாக்கியால் ஏற்றினார்கள். லிஃப்ட் ஸ்லாப் என்று பெயர். அதைத் துணிந்து தன் கட்டடங்களில் பயன்படுத்திய கட்டடக்கலைஞர் ஓ'நீல் ஃபோர்ட்.

ஃபோர்ட் 1905இல் டெக்சஸின் பிங்க் ஹில் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். கல்லூரியில் இரண்டு ஆண்டுகள்தான் படித்தார்; கட்டடக்கலையை அஞ்சல் வழியில் கற்றார். 1926இல் டாலஸில் டேவிட் வில்லியம்ஸ் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தது திருப்புமுனை. ஜெர்மனியிலிருந்தும் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் ஃப்ரெடெரிக்ஸ்பர்க், காஸ்ட்ரோவில் போன்ற ஊர்களில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீடுகளை இருவரும் தேடித் தேடிப் பார்த்தார்கள், வரைந்தார்கள். தடித்த சுவர், ஆழமான தாழ்வாரம், தென்கிழக்குக் காற்றுக்குத் திறந்த சன்னல். அந்த மண்ணின் வெயிலுக்கு அந்த வீடுகள் கண்டிருந்த விடையே ஃபோர்டின் பாடநூல். 1939இல் டென்டன் நகரில் ஆர்ச் ஸ்வாங்குடன் சேர்ந்து அவர் கட்டிய சிறிய தேவாலயமும், அதே ஆண்டில் தொடங்கிய சான் அன்டோனியோ லா வில்லீட்டா குடியிருப்பின் புதுப்பிப்பும் இந்த வழியில் வந்தவை.

கைவினைக்கும் உள்ளூர்க் கல்லுக்கும் பேர்போன ஒருவர் ஹைட்ராலிக் ஜாக்கி பக்கம் போனது ஏன்? சிக்கனம்தான் காரணம் என்பது என் கருத்து. ட்ரினிட்டி பல்கலைக்கழகம் 1942இல் சான் அன்டோனியோவுக்கு இடம் மாறிய நிறுவனம். ஃபோர்ட் கட்டடங்கள் எழுப்பிய அதன் புதிய வளாகத்துக்குக் கிடைத்த இடமோ பழைய கல்குவாரி, மேடும் பள்ளமும். கையில் பணமும் குறைவு. உள்ளூர் வீடுகளில் அவர் படித்தது கல்லின் அழகை மட்டும் என்றால் ஜாக்கி அவருக்கு அந்நியமாகத்தான் இருந்திருக்கும். தேவைக்கு மேல் ஒரு பலகையையும் வீணாக்காத கஞ்சத்தனத்தையும் சேர்த்துப் படித்தவர் அவர்.

பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவரான டாம் ஸ்லிக், எண்ணெய்க் குடும்பத்தின் வாரிசு. தளத்தைத் தரையில் வார்த்து ஏற்றுவது பற்றி ஃபிலிப் யூட்ஸ் என்ற கட்டடக்கலைஞர் தனியே வளர்த்த கருத்தும் ஸ்லிக்கின் கருத்தும் சேர்ந்ததால், லிஃப்ட் ஸ்லாப்புக்கு யூட்ஸ்-ஸ்லிக் முறை என்றும் பெயர் ஆயிற்று. ஸ்லிக் விசித்திரமான மனிதர். 1947இல் தென்மேற்கு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்; அது இன்றும் இயங்குகிறது. பத்தாண்டு கழித்து நேபாளத்துக்குப் பனிமனிதனைத் தேடிப் போனார். ஒரே பை, இரண்டு செலவு. ஜாக்கி தூக்காவிட்டால் அன்று மாலையே தெரிந்துவிடும். பனிமனிதன் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் ஒரு பயணம் போகலாம், அதற்கடுத்த ஆண்டும் போகலாம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தோற்றால் தோற்றது என்று எப்படித் தெரியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் தருவதைவிட அரிய உதவி, சோதனைக்குத் தன் சொந்தக் கட்டடத்தையே தருவது. ட்ரினிட்டி அதைச் செய்தது.

இனி முறைக்கு வருவோம். முதலில் அடித்தளம், அதில் எஃகுத் தூண்கள். பிறகு தரைத்தளம். இதன் மேற்பரப்பைக் கண்ணாடிபோல் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த தளத்துக்கு இதுவே அச்சு. இங்கே ஒரு பள்ளம் இருந்தால் மேல்தளத்தின் அடியில் ஒரு புடைப்பாக அது வரும். காய்ந்ததும் ஒட்டாமலிருக்க மெழுகுக் கலவை போன்ற ஒரு பூச்சு. அதன்மேல் கம்பி கட்டி அடுத்த தளம், மீண்டும் பூச்சு, அடுத்த தளம் என்று தோசை அடுக்குவதுபோல் அடுக்கலாம். ஓரத்தில் மட்டும் சட்டம் அடித்தால் போதும், முட்டு கிடையாது. விட்டம் வைக்க முடியாது, அடுக்கு உட்காராது. ஆகவே எல்லாம் தட்டையான தளங்களே. தூண் வரிசைக்கு வெளியே தளத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டால், அந்த நீட்சியின் எடை உள்பக்க வளைவைக் குறைக்கும். டெக்சஸ் வெயிலுக்கு நிழலும் இலவசம்.

ஒவ்வொரு தூணைச் சுற்றியும் தளத்துக்குள் ஓர் எஃகுக் காலர் புதைத்து வார்க்கப்படும். தூணுக்கும் காலருக்கும் இடையே நழுவும் அளவு இடைவெளி. தூக்கும் கம்பி பிடிப்பதற்கு அதில் இடம் உண்டு. விட்டமில்லாத தளத்தில் தூண் தளத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அந்தக் குத்துவிசையைத் தாங்கிப் பரப்புவதும் இதே காலர்தான்.

தூணின் உச்சியில் ஜாக்கி உட்காரும். அதிலிருந்து தூணின் இரு பக்கமும் மரை போட்ட இரண்டு கம்பிகள் தொங்கிக் காலரைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு நட்டுகள்: ஒன்று ஜாக்கியின் நகரும் தலைமேல், மற்றொன்று நகராத அடிப்பலகைமேல். எண்ணெய் அழுத்தம் ஏற, தலை சிறிதளவு உயர்ந்து மேல் நட்டைத் தள்ளும். கம்பியும் தளமும் கூடவே உயரும். அதே நேரத்தில் கீழ் நட்டைத் திருகித் திருகி அடிப்பலகையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். பிறகு அழுத்தத்தை விடுவித்தால் பாரம் கீழ் நட்டில் உட்காரும், தலை இறங்கும். இப்போது மேல் நட்டைத் திருகி இறக்கித் தலையோடு சேர்த்தால் அடுத்த சுற்றுக்குத் தயார். எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் தளம் நட்டில் நிற்கும்.

இந்த நட்டு இன்னொரு பெரிய வேலையும் செய்கிறது. எல்லா ஜாக்கிகளையும் ஒரே பம்பில் இணைத்து அழுத்தினால் என்ன ஆகும்? பாஸ்கல் விதிப்படி எல்லாவற்றிலும் அழுத்தம் ஒன்றே. ஆனால் தூக்க வேண்டிய பாரம் ஒன்றல்ல. தூண்களுக்கிடையே 6 மீட்டர், தளத்தின் கனம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2.5 டன், எனவே சதுர மீட்டருக்கு அரை டன். நடுத்தூண் ஒன்றின் பங்கு 36 சதுர மீட்டர், அதாவது 18 டன். ஓரத்தூணுக்கு 9 டன், மூலைத்தூணுக்கு 4.5 டன். அழுத்தம் ஏறும்போது மூலைகள் முதலில் கிளம்பிவிடும், நடு அசையாது. ஆகவே அழுத்தத்தை நம்பித் தூக்க முடியாது. தூரத்தை அளந்து தூக்க வேண்டும். மரையின் இடைவெளி 6 மி.மீ. என்றால் நட்டின் இரண்டு சுற்று 12 மி.மீ., பாரம் எதுவானாலும். எல்லா நட்டுகளும் ஒரே எண்ணிக்கையில் சுற்றியபின்தான் அடுத்த அழுத்தம். ஒரு ஜாக்கி பின்தங்கினால் மற்றவை காத்திருக்கும். விசையைச் சமப்படுத்த முயலாமல் இடப்பெயர்ச்சியைச் சமப்படுத்தும் இந்த எளிய தந்திரத்தில்தான் முழு முறையும் தொங்குகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத இயந்திரம்.

சரி, கொஞ்சம் ஏற்ற இறக்கம் வந்தால்தான் என்ன? மேலே சொன்ன அதே தளத்தில் ஒரு தூண் மட்டும் 12 மி.மீ. முந்திவிட்டதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் புதிதாகத் தோன்றும் வளைவு, தளத்தின் சொந்த எடையால் ஏற்கெனவே இருக்கும் வளைவைவிட அதிகமாகிவிடுகிறது. முந்திய தூணில் இரண்டும் ஒரே திசையில் கூடும். பாரமும் அங்கே குவியும். மேற்பரப்பு வெடிக்கும், குத்துவிசையும் உச்சத்துக்குப் போகும். பிந்திய தூணில் வளைவு திசை மாறி, கம்பி குறைவாக உள்ள அடிப்பக்கம் பிளக்கும். தளம் எவ்வளவு கனமோ அவ்வளவு விறைப்பு. விறைப்பு கூடக்கூட இந்தச் சிறு வித்தியாசத்தை அது பொறுக்காது.

முதல் அசைவிலும் சிக்கல் உண்டு. பூச்சு இருந்தாலும் இரண்டு தளங்களுக்கு நடுவே காற்றில்லை. நேராக இழுத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். எனவே மூலை, ஓரம், நடு என்ற வரிசையில் மிகச் சிறிதாகக் கிளப்பி, காற்றை உள்ளே விட வேண்டும். அதன்பின் ஏற்றம் மணிக்குச் சில அடி வேகத்தில் போகும். உயரம் வந்ததும் காலருக்கும் தூணுக்கும் இடையே எஃகு ஆப்பு அடித்து வெல்டிங் செய்ய வேண்டும். பல மாடி என்றால் மேல்தளங்களைப் பாதி வழியில் தற்காலிகமாக நிறுத்தி, தூணை நீட்டி, மீண்டும் தூக்குவார்கள்.

அந்தப் பாதி வழிதான் ஆபத்தான இடம். அடி மட்டும் பதிந்து உச்சி ஆடும் தூண், இரு முனையும் நகராமல் கீலில் நிற்கும் அதே தூணைவிட நான்கில் ஒரு பங்கு பாரத்திலேயே நெளிந்துவிடும். உயரம் இரட்டித்தால் அதிலும் கால் பங்குதான். ட்ரினிட்டியின் தாழ்வான கட்டடங்களில் இது பெரிய கவலையாக இல்லை. உயரமான கட்டடங்களில் பக்கவாட்டுச் சுவர்கள் தளங்களோடு போட்டி போட்டு உயர வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் கம்பங்களின் மேல் வைத்த அடுக்கு.

ஃபோர்ட் அதற்குள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். 1958இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் குறைகடத்தி ஆலை, குதிரைச் சேணம்போல் வளைந்த மெல்லிய கான்கிரீட் கூரைகளோடு. மாடிகளுக்கு நடுவே குழாய்களும் வயர்களும் ஓடவென்றே ஆள் நிற்கும் உயரத்தில் தனித்தளம். 1968 உலகக் கண்காட்சிக்காக சான் அன்டோனியோவில் எழுந்த அமெரிக்காக்களின் கோபுரம், ஆன்டெனாவோடு 750 அடி. அதன் உச்சியிலுள்ள உணவகப் பகுதியைத் தரையில் கட்டித்தான் மேலே ஏற்றினார்கள். 1974இல் அமெரிக்கத் தேசியக் கலை மன்றம் ஃபோர்டையே, ஆளையே, தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கட்டடத்துக்குத் தரும் பட்டம்! 1982இல் இறந்தார்.

1987 ஏப்ரல் 23 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் லாம்பியான்ஸ் பிளாசா என்ற லிஃப்ட் ஸ்லாப் அடுக்குமாடி கட்டுமானத்தின்போதே சில நொடிகளில் சரிந்தது. 28 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேல்தளங்களின் ஒரு தொகுதியைத் தற்காலிகமாக நிறுத்தி ஆப்பு வைத்துக்கொண்டிருந்த நேரம். அரசின் தர நிர்ணய ஆய்வாளர்கள் சொன்ன காரணம்: ஒரு தூணில் காலரின் கோண இரும்பு வளைந்து, தூக்கும் கம்பியின் நட்டு நழுவிவிட்டது. சுவர்கள் பின்தங்கியதையும், தளத்துக்குள் இழுத்துக் கட்டிய கம்பிகளின் அமைப்பையும் காரணமாகக் காட்டிய பொறியாளர்களும் உண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்ததால் இந்த வாதம் நீதிமன்றத்தில் தீரவே இல்லை. இழப்பீடு விரைவில் கிடைத்தது நல்லதுதான். ஆனால் விபத்தின் காரணம் தொழில்நுட்ப உலகத்தின் பொதுச் சொத்து, அதைச் சமரசத்தோடு மூடிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

பின்னர் வந்த அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகளைப் படித்தால் ஜாக்கியின் முழு இயற்பியலும் அதில் இருக்கிறது. தூக்கும் கருவிகள் பாரத்தைப்போல் இரண்டரை மடங்கு தாங்க வேண்டும். தாங்கும் புள்ளிகள் எல்லாம் சமமட்டத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தானியங்கி முறை என்றால் அதைத் தாண்டியதும் வேலை தானாக நிற்க வேண்டும். தூக்கும்போது, கட்டடம் போதிய அளவு வலுவூட்டப்பட்டிருந்தால் ஒழிய, அந்த வேலைக்கு வேண்டியவர்களைத் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆப்பை வெல்டிங்காலோ அதற்கு இணையான முறையாலோ உறுதிப்படுத்தாமல் கம்பியை விடக் கூடாது. கையால் கட்டுப்படுத்தும் ஜாக்கிகள் என்றால் ஒரு தளத்துக்கு அதிகபட்சம் 14. அந்த அரை அங்குலத்தை இயக்குபவரால் காக்க முடியாவிட்டால் அதற்கும் குறைவு.