எச்.ஐ.வி. முற்றிய உடலில் பூஞ்சை பரவுவது எப்படி, பிழைப்பதைத் தீர்மானிப்பது எது?

பதினைந்து நாட்களாக விடாத தலைவலி, மாலையானால் இலேசான காய்ச்சல், இரண்டு நாட்களாக வாந்தி என்று சென்னையில் ஒருவர் தெருமுனை கிளினிக்குக்குப் போனால், சைனஸ் என்றோ பித்தம் என்றோ சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்து, அது தெரியாமலோ, தெரிந்தும் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைப் பாதியில் விட்டோ சில ஆண்டுகள் கடந்திருந்தால், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் இருந்து இரத்தத்தில் இறங்கி மூளை உறை வரை போய்ச் சேர்ந்துவிட்டதன் அறிகுறியாக அந்தத் தலைவலி இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் முதல் வரிசையில் நிற்பது இதுதான்.

இந்தப் பூஞ்சை புறா எச்சத்திலும், எச்சம் கலந்த மண்ணிலும், மரப்பொந்துகளின் மட்கிய தூளிலும் வாழ்கிறது. ஏ.சி. பெட்டியின் மேலும் அடுக்குமாடிச் சன்னல் விளிம்புகளிலும் புறாக்கள் குடியிருக்கும் நம் ஊரில் இதைக் கேட்டவுடன் பயம் வரும். ஆயினும், பெருநகரங்களில் வாழ்பவர்களில் பலர் இதைச் சிறுவயதிலேயே மூச்சோடு உள்ளிழுத்திருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலின் காவல் அணுக்கள் அதை விழுங்கிச் சிறைப்படுத்தி வைத்துவிடுகின்றன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதும் இல்லை. வீட்டில் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைக்கும் வழக்கத்துக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது.

அந்தச் சிறையைப் பூட்டியே வைத்திருக்க, எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் சிடி4 என்ற வெள்ளை அணுக்களின் கட்டளை இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நலமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும் இந்த அணுக்கள், எச்.ஐ.வி. முற்றும்போது 200க்கும் பிறகு 100க்கும் கீழே இறங்குகின்றன. கட்டளை நின்றதும் காவல் அணுக்கள் பூஞ்சையை விழுங்கினாலும் கொல்ல முடியாமல் போகிறது. அது அவற்றின் உள்ளேயே பெருகி, அவற்றையே வாகனமாகக் கொண்டு இரத்தத்தில் பயணம் செய்கிறது. தோலில் நடுவில் குழிவிழுந்த சிறு பருக்களாகவும், நுரையீரலில் இருமலாகவும் அது வெளிப்படலாம். இப்படிப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் காலூன்றுவதையே பரவிய பூஞ்சைத் தொற்று என்கிறோம். அது மிகவும் விரும்பிக் குடியேறும் இடம் மூளை.

மூளைத் தண்டுவட நீரின் ஒரு துளியோடு இந்தியா இங்க் என்னும் கரிய மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுத்த பரப்பில் உருண்டையான பூஞ்சை அணுக்கள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி, மை நுழைய முடியாத ஒரு வெண்மையான வளையம் இருக்கும். அந்த வளையம்தான் அதன் கவசம், சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான உறை. அதன் துணுக்குகள் உதிர்ந்து நீரில் கலந்துகொண்டே இருக்கின்றன. மூளையைச் சுற்றி ஓடும் நீர் இரத்தத்துக்குள் வடிய வேண்டிய நுண்ணிய வடிகால்களை இந்தப் பசைபோன்ற துணுக்குகளும் பூஞ்சை அணுக்களும் சேர்ந்து அடைத்துவிடுகின்றன. நீர் சுரப்பது நிற்பதில்லை, வடிவது நிற்கிறது. ஆகவே மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் ஏறி, தலைவலியும் வாந்தியும் மங்கலான பார்வையும் கடைசியில் மயக்கமும் வருகின்றன.

இங்கேதான் ஒரு கேள்வியைச் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்னு சொல்றாங்களே டாக்டர், மருந்தாலயே சரி பண்ண முடியாதா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அன்பினால் வரும் அச்சம்தான் அது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலே, முதலாவது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலோ அதற்கும் அடியிலோ. அங்கே நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும் மட்டுமே உள்ளன. ஊசியின் முனையில் ஒரு மெல்லிய அளவுக்குழாயை நிமிர்த்திப் பிடித்தால், நீர் அதில் தானாக ஏறும். வழக்கமாக 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டிய நீர் 25ஐத் தாண்டினால் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். சிலருக்குக் குழாயின் உச்சியையும் கடந்து வழியும். 20 முதல் 30 மில்லி வரை நீரை வடித்ததும், பல நாட்கள் கண் திறக்காமல் கிடந்தவர் அன்றைக்கே தலைவலி குறைந்து எழுந்து உட்காருவதுண்டு. அழுத்தம் மறுபடி ஏறினால் மறுபடி எடுக்க வேண்டும், தேவையானால் நாள்தோறும். முதல் முறைக்குப் பின் மீண்டும் நீர் எடுக்கப்பட்டவர்களிடம் தொடக்க நாட்களின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இதை வெறும் பரிசோதனையாக நினைத்து மறுத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது. இது சிகிச்சையின் பாதி.

பிழைப்பாரா என்பதற்கு வேறு சில குறிகளும் உண்டு. சிகிச்சை தொடங்கும்போது நினைவு தெளிவாக இருப்பவரின் நிலை நம்பிக்கை தருவது. குழம்பிப் பேசுபவர், நீரில் பூஞ்சை மிகுதியாக உள்ளவர், உடல் எடை மிகவும் குறைந்தவர் ஆகியோரின் நிலை கடினமானது. நீரில் வெள்ளை அணுக்கள் குறைவாக இருப்பது நல்ல செய்திபோலத் தோன்றினாலும் கெட்ட குறியே, ஏனெனில் உடல் எதிர்த்துப் போராடவே இல்லை என்று அதற்கு அர்த்தம். சிகிச்சையின்றி விட்டால் இந்நோய் உயிரைப் பறிக்கும். 2020ஆம் ஆண்டில் உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 1,52,000 பேருக்கு இந்த மூளை உறை அழற்சி வந்ததாகவும், சுமார் 1,12,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பூஞ்சையின் கவசத் துணுக்குகள் தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே இரத்தத்தில் தெரிகின்றன. ஒரு துளி இரத்தநீரில் அட்டைப் பட்டையை நனைத்தால், துணுக்குகள் இருக்கும்போது பத்து நிமிடத்தில் கோடு விழும். சிடி4 எண்ணிக்கை 100க்குக் கீழே உள்ள அனைவருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதும், 200க்குக் கீழே உள்ளவர்களுக்கும் செய்யலாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோடு விழுந்து, தண்டுவட நீர் தூய்மையாக இருந்தால், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையே நோயைத் தடுத்துவிடக்கூடும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த பணியால். 2004 முதல் கூட்டு மருந்தும் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் இந்நோயாளிகள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதமும் இடையில் நின்ற மருந்தும்தான். அவற்றுக்குப் பின்னால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது.

மூளையை எட்டிய பிறகு முதல் ஆயுதம் ஆம்ஃபோடெரிசின். பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பற்றிக்கொண்டு சவ்வையே அது குலைக்கிறது. நம் அணுக்களின் கொலஸ்ட்ராலும் அதன் நெருங்கிய உறவு என்பதால், பழைய வகை மருந்து சிறுநீரகத்தையும் சேர்த்து வதைத்தது. குளிரும் நடுக்கமும், பொட்டாசியம் குறைவதும் வார்டுகளில் அன்றாடக் காட்சி. நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த புதிய வகை இந்தத் துன்பத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இதன் ஒரே ஒரு பெரிய அளவை 14 நாள் ஃப்ளூசைட்டோசின் (இன்னொரு பூஞ்சை எதிர்ப்பு மருந்து), ஃப்ளூகோனசோல் மாத்திரைகளோடு கொடுத்தபோது பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8 விழுக்காடு, ஒரு வாரம் பழைய வகை ஊசி போட்ட முறையில் 28.7 விழுக்காடு. நாலில் மூன்று பேர் பிழைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் போதாத கணக்காகவே படுகிறது. ஆனால் ஃப்ளூகோனசோலை மட்டும் கொடுத்துவந்த இடங்களில் பாதிப் பேருக்கும் மேல் இழந்துகொண்டிருந்தோம்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உடனே தொடங்கக் கூடாது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி திடீரென்று திரும்பினால், மூளையில் குவிந்திருக்கும் பூஞ்சையின் மீது அது பாயும், அந்த வீக்கமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஓரிரு வாரத்தில் தொடங்கியவர்களில் 45 விழுக்காட்டினரும், ஐந்து வாரம் காத்திருந்து தொடங்கியவர்களில் 30 விழுக்காட்டினரும் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். மருந்து தர மறுக்கிறார்கள் என்று எண்ணி வேறு இடம் தேடி ஓட வேண்டாம்.

அதன் பிறகு நாள்தோறும் 200 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் குறைந்தது ஓராண்டு தொடரும். கூட்டு மருந்தால் வைரஸ் அடங்கி, சிடி4 எண்ணிக்கை 100ஐத் தாண்டி நிலைத்துவிட்டால், அந்த மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிடுவார்.