இன்காக்னிட்டோவில் பார்த்தாலும் அலுவலகத்துக்குத் தெரியும்

"இன்காக்னிட்டோவில்தானே சார் பார்த்தேன், எப்படித் தெரிந்தது?" பிரவுசரின் மறைவு ஜன்னலான இன்காக்னிட்டோவை நம்பியவர்கள் கேட்கும் இந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் நெட்வொர்க் பராமரிக்கும் அலுவலகம் ஒன்றில் அண்மையில் ஒரு பெண் ஊழியர் கண்கலங்கி நின்று கேட்டார். உணவு இடைவேளையில் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றின் தளத்தை அலுவலகக் கணினியில் பார்த்திருக்கிறார். மாதாந்திர இணையப் பயன்பாட்டு அறிக்கையைப் புரட்டிய மேலாளர் அதைப் பற்றி அவரிடமே விசாரித்துவிட்டார். அக்கறையாகத்தான் கேட்டாராம். தன் வீட்டாருக்கே இன்னும் சொல்லாத விஷயம் அது.

இன்காக்னிட்டோவைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் மனதில் பதிவதில்லை. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். அந்த ஜன்னலை மூடியதும், நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாறும், தளங்கள் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகளான குக்கிகளும் உங்கள் கணினியிலிருந்து நீங்கும். அவ்வளவுதான் அது செய்வது. உங்களுக்குப் பிறகு அதே கணினியில் உட்காருபவர் பார்க்காமலிருக்க உதவும். ஆனால் நீங்கள் கேட்ட தளத்துக்கான கோரிக்கை உங்கள் கணினியை விட்டு வெளியேறி, அலுவலக நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலைக் கடந்துதான் இணையத்துக்குப் போகிறது. சாதாரண ஜன்னலில் திறந்தாலும் இன்காக்னிட்டோவில் திறந்தாலும் பாதை ஒன்றே, பதிவும் ஒன்றே. நேரம், கணினியின் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்), தளத்தின் பெயர், எவ்வளவு தரவு போய் வந்தது, எல்லாம் எங்கள் லாகில், அதாவது பதிவேட்டில், விழும். அலுவலகப் பயனர் கணக்கில் நுழைந்திருந்தால் உங்கள் பெயரும் சேர்ந்தே விழும். உங்கள் நடவடிக்கை நிறுவனத்துக்குத் தெரியக்கூடும் என்று குரோமின் இன்காக்னிட்டோ முகப்பிலேயே எழுதியிருக்கிறது. தயவுசெய்து ஒரு தடவை அதைப் படியுங்கள். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் கூகுள் தரவு திரட்டியது என்று 2020-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2024-ல் நடந்த சமரசத்தில், அப்படித் திரட்டியவற்றை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

"தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே?" என்பார்கள். அது பக்கத்தின் உள்ளடக்கத்தையும் நீங்கள் தட்டச்சு செய்வதையும் மறைக்கும். தளத்தின் பெயரைப் பெரும்பாலும் மறைக்காது. ஒரு சிகிச்சை மையத்தின் பெயரும், வேலைவாய்ப்புத் தளத்தின் பெயரும், கடன் செயலியின் பெயரும் தனித்து நின்றாலே கதை சொல்லிவிடும். போதாததற்கு, பல நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் சொந்தச் சர்டிபிகேட் (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குச் சொல்லும் சான்று) ஒன்றை நிறுவி, பூட்டிய போக்குவரத்தையும் ஃபயர்வாலிலேயே திறந்து பார்க்கின்றன. சோதிப்பது எளிது: பிரவுசரில் அந்தத் தளத்தின் சர்டிபிகேட்டைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஃபயர்வாலின் பெயரோ இருந்தால், உள்ளடக்கமும் அங்கே திறக்கப்படுகிறது. (அட்மின் தோழர்களே, வங்கி, மருத்துவத் தளங்களை இந்தத் திறப்பிலிருந்து விலக்கி வையுங்கள். அந்தக் கடவுச்சொற்களும் நோய் விவரங்களும் நம் பொறுப்பில் வந்து சேர வேண்டாம்.)

அடுத்து, இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன்: பார்ப்பதை மறைக்க, போக்குவரத்தை வேறொரு கணினி வழியே திருப்பும் பிரவுசர் துணைநிரல். இதற்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: போடாதீர்கள். எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் ஒன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்கிறீர்கள். ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறு நிறுவனங்களுக்கு விற்றுவந்தது 2015-ல் அம்பலமானது. யாரோ செய்யும் காரியம் உங்கள் அலுவலக ஐ.பி. முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். விபிஎன் போட்டதும் எங்கள் திரையில் தெரியும். ஒரே முகவரிக்கு மணிக்கணக்கில் நீளும் ஒற்றை இணைப்பு வேறு எதுவாக இருக்கும்?

முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாத்தையும் பிளாக் பண்ணிடுங்க" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். தீம்பொருள் தளங்கள், மோசடித் தளங்கள், நேற்றுப் பதிவான புத்தம்புதுத் தளப் பெயர்கள், இவற்றைக் கட்டாயம் தடுக்க வேண்டும். செய்தித்தாளையும் சமூக வலைத்தளத்தையும் இடைவேளையில்கூடத் தடுத்தால், ஊழியர் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை அலுவலக லேப்டாப்பில் இணைப்பார். அப்போது உங்கள் ஃபயர்வால் அந்தப் போக்குவரத்தைப் பார்க்கவே பார்க்காது. அங்கே தொற்றியதைச் சுமந்துகொண்டு அதே லேப்டாப் மறுநாள் உள்ளே வரும். இணையம் மெதுவாக இருக்கிறது என்பதும் தடைக்குக் காரணமாகாது. முதலில், இணைப்பை எது எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் பேண்ட்விட்த் வரைபடத்தைப் பாருங்கள். வேலை நேரத்தில் ஓடும் கிளவுட் பேக்கப்பும் விண்டோஸ் அப்டேட்டும்தான் பல இடங்களில் இணைப்பை விழுங்குகின்றன. அவற்றை இரவுக்கு மாற்றினாலே பாதிப் புகார் தீரும்.

கண்காணிப்பதை மறைக்காதீர்கள். ருமேனியாவில் ஒரு பொறியாளர், அலுவலகத்துக்கான யாஹூ மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக 2007-ல் வேலை இழந்தார். அவர் தன் சகோதரருடனும் மணமகளாக வரவிருந்தவருடனும் பேசியதை நிறுவனம் அச்செடுத்தே வைத்திருந்தது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை என்பது அவருக்குத் தெரியும். தன் செய்திகளையே திறந்து படிப்பார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்புலெஸ்கு எதிர் ருமேனியா என்ற அந்த வழக்கில், அவருடைய தனியுரிமை காக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அது கேட்கும் கேள்விகள் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்: முன்பே சொன்னீர்களா, எதற்காகப் பார்க்கிறீர்கள், இவ்வளவு பார்க்கத்தான் வேண்டுமா?

ஊழியர்களே, மருத்துவம், வங்கி, வேலை தேடல், குடும்பச் சிக்கல் எல்லாவற்றுக்கும் உங்கள் சொந்தக் கைப்பேசியையும் சொந்த டேட்டாவையும் பயன்படுத்துங்கள். அலுவலக வைஃபையில் சேர்ந்த கைப்பேசியும் எங்கள் லாகில் வரும். அலுவலக மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அதில் நிறுவிய கண்காணிப்பு மென்பொருள் கூடவே வரும். அலுவலகக் கணக்கில் நுழைந்த பிரவுசரில் சொந்தக் கடவுச்சொல் எதையும் சேமிக்காதீர்கள்.

மேலாளர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். மாத அறிக்கையில் பெயர்கள் வேண்டாம், மொத்தப் பயன்பாடு போதும். பாதுகாப்புச் சம்பவமோ எழுத்தில் வந்த புகாரோ இருந்தால் மட்டும் பெயரோடு லாகைத் திறங்கள். அப்போதும் இருவர் உடனிருக்க, ஏன் திறந்தோம் என்று குறித்து வையுங்கள். சட்டம் கேட்கும் காலத்துக்கு மேல் ஒரு நாளும் லாகைச் சேர்த்து வைக்காதீர்கள். எதைத் தடுக்கிறோம், எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்பதை ஒரே பக்கத்தில், எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதி, பழைய ஊழியர்களுக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பக்கம் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும்வரை பெயர்வாரி அறிக்கை கேட்டு என்னை அழைக்க வேண்டாம், தரமாட்டேன்.